அரைமணி நேரக் கொலைகாரர்

கொலை நடந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தவர் பம்ப் மெக்கானிக். அவருக்குப் பிறகு அன்று மாலைக்குள் நூற்றிருபது பேர் நுழைந்தார்கள். எழுபது பேர் போலீஸ், முப்பது பேர் பத்திரிகை, மீதி இருபது பேர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இத்தனை பேரும் நடந்து முடித்த பிறகு, தடயங்களைக் கலைத்துவிட்டதாக எச்சரிக்கப்பட்டவர் மெக்கானிக் ஒருவர்தான்.

வீடு தார்ச்சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே, பழத்தோட்டத்தின் நடுவில் இருந்தது. கத்தினால் மரங்களுக்குத்தான் கேட்கும். அதில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். மெக்கானிக் மாதம் ஒருமுறை கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போவார். அவர் மோட்டார் குழிக்குள் இறங்கியதும் வாத்தியார் மேலே நின்றுகொண்டு தவறான யோசனைகளைச் சொல்வார். வாத்தியாரம்மா டார்ச் பிடிப்பார். அந்த அம்மாவுக்கு டார்ச் பிடிப்பதில் ஒரு தனிப் பெருமை. யார் வந்தாலும், பட்டப்பகலாக இருந்தாலும், சமையலறை வாசலில் வந்து நின்று காலடியில் வெளிச்சம் அடித்து, "பாத்து வாங்க, ரெண்டாவது படி உடைஞ்சிருக்கு" என்பார். படியைச் சரிசெய்யலாம் என்று மெக்கானிக் ஒருமுறை சொன்னதற்கு, "அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டார். டார்ச்சின் கழுத்து விரிசல் விட்டபோது சிவப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தவர் மெக்கானிக்தான்.

அன்று காலை அவர் போனபோது டார்ச் பிடிக்க யாரும் வரவில்லை. வாத்தியார் கூடத்தில் கிடந்தார். வாத்தியாரம்மா சமையலறை வாசலில் கிடந்தார். டார்ச் அவர் கைக்குப் பக்கத்தில், பேட்டரி தீர்ந்து கிடந்தது.

அடுத்த ஐந்து நாட்களில் மெக்கானிக் பதினொரு முறை வாக்குமூலம் கொடுத்தார். அவருடைய செருப்பளவைக் கேட்டார்கள், கடைசியாக எப்போது முடி வெட்டினார் என்று கேட்டார்கள், அவருடைய தாத்தா எந்த ஊர் என்று கேட்டார்கள். செத்துப்போன இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவராகச் சொல்லிப் பார்த்தார். "அதுக்குப் படிவத்துல எடம் இல்ல அண்ணே" என்றார் ஸ்டேஷன் எழுத்தர், வருத்தத்தோடு.

வழக்கு பிரபலமாகிவிட்டது. டிவிக்காரர்கள் அந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டியைக்கூட நான்கு கோணங்களில் காட்டினார்கள். இதனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சங்கடம் வந்தது. முக்கியமான வழக்குகளில், கொலை எப்படி நடந்தது என்பதைக் குற்றவாளியைக் கொண்டே நடித்துக் காட்டச்செய்து, ஏழு நாட்களுக்குள் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது மேலிடத்துச் சுற்றறிக்கை. குற்றவாளி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை. போலீசிடம் குற்றவாளி இல்லாமலும் இருக்கலாம் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

ஆறாவது நாள் எழுத்தர் தலையைச் சொறிந்தார். "ஆளே கிடைக்கலையே சார். எப்படி நடிச்சுக் காட்டறது?"

"ஆளைப் பிடிக்கறதுக்குக் கெடு இருக்கா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்."

"நடிச்சுக் காட்டறதுக்கு?"

"நாளையோட முடியுது சார்."

"அப்ப எது அவசரம்னு நீயே சொல்லு."

வீட்டுக்குப் பின்னால் சேற்றில் ஒரு செருப்புத் தடம் இருந்தது. ஒன்பதாம் நம்பர். ஸ்டேஷனில் இருந்த எல்லோருடைய காலையும் அளந்து பார்த்தார்கள். ஏழும் எட்டும் பத்துமாக இருந்ததே தவிர ஒன்பது இல்லை. பன்னிரண்டாவது வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அப்போதுதான் மெக்கானிக் உள்ளே நுழைந்தார். எழுத்தர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. அரைமணி நேரம்தான்."

"என்ன சார் வேலை?"

"ஒண்ணும் இல்ல. கொலைகாரனா கொஞ்சம் நிக்கணும்."

மெக்கானிக் தயங்கினார். பிறகு அந்த இருவரையும் நினைத்தார். கொன்றவனைப் பிடிக்க இது உதவும் என்றால் அரைமணி நேரம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு நல்ல எண்ணத்தில்தான் அதைச் செய்கிறார்கள்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு, மாலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டு, கொலை தொடங்கியது.

சமையலறைக் கதவு வழியாகத்தான் கொலைகாரன் வந்திருக்க வேண்டும் என்று மெக்கானிக்குக்கே தெரிந்தது. அந்த வீட்டில் அந்தக் கதவைத்தான் யாருக்கும் திறப்பார்கள். ஆனால் அந்தக் கதவுக்குப் போலீஸ் முத்திரை வைத்துவிட்டார்கள். முத்திரையை உடைக்க மேலிடத்துக் கடிதம் வேண்டும், கடிதம் வரப் பத்து நாளாகும்.

"அப்படின்னா அவன் ஜன்னல் வழியாத்தான் வந்திருக்கான்" என்று முடிவு செய்தார் இன்ஸ்பெக்டர்.

"ஜன்னல் உடையாம இருக்கே சார்" என்றார் மெக்கானிக்.

"உடைங்க அண்ணே."

மெக்கானிக் ஜன்னலை உடைத்தார், ஏறினார், உள்ளே விழுந்தார். கண்ணாடி கையைக் கீறியது, இடது கணுக்கால் பிசகியது. வலியில் காலை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். "எழுதிக்கோ" என்றார் இன்ஸ்பெக்டர் எழுத்தரிடம். "குற்றவாளி இடது காலை இழுத்து நடப்பவன்." கேமராக்காரர், நடிப்பு இயல்பாக இருப்பதாகப் பாராட்டினார்.

பிறகு ஆயுதம் தேவைப்பட்டது. உண்மையான ஆயுதம் கிடைக்கவில்லை. இரும்பில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். மெக்கானிக்கின் பையில் பதினெட்டு அங்குல பைப் ரிஞ்ச் இருந்தது. அது அவருக்குச் சோறு போடும் கருவி. எடுத்துக் கொடுத்தார். வாத்தியாராக ஒரு நாற்காலியை வைத்தார்கள். வாத்தியாரம்மாவாகத் தலையில் துண்டு போர்த்திய ஒரு கான்ஸ்டபிள் நின்றார். அவருக்குப் பெரிய மீசை. மெக்கானிக் ரிஞ்சை ஓங்கியபோது, அந்தத் துண்டுக்குக் கீழே டார்ச்சைத் தேடினார். கண் கலங்கிவிட்டது.

"கொலைகாரனுக்குக் கண்ல தண்ணி வருது சார்" என்றார் எழுத்தர்.

"எழுது. குற்றவாளி செய்ததை எண்ணி வருந்தியவன்."

அரைமணி நேர வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்தது. மெக்கானிக் ரிஞ்சைக் கேட்டார். அது ஆதாரப் பொருள் ஆகிவிட்டது, சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

படம் மேலிடத்துக்குப் போனது. பெரிய அதிகாரி அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். இவ்வளவு தெளிவாகக் கொலைகாரன் தெரியும் படத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. வழக்கமான நடைமுறைப்படி அதை ஓவியரிடம் அனுப்பி, குற்றவாளியின் முகத்தை வரையச் சொன்னார். ஓவியர் திறமைசாலி. மெக்கானிக்கின் காதோரத்து மருவைக்கூட விடவில்லை.

நான்கு நாள் கழித்து டேப் வாங்கக் கடைக்குப் போன மெக்கானிக், சுவரில் தன்னைப் பார்த்தார். "இந்த நபரைக் கண்டால் தகவல் தரவும். இடது காலை இழுத்து நடப்பார்." தகவல் தர நாற்பத்து மூன்று பேர் போன் செய்தார்கள். வழக்கமாக ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். இந்த முறை நாற்பத்து மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அவர்களில் மெக்கானிக்கின் மச்சினனும் ஒருவன்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா" என்றான் அவன் பிறகு. "ஜாடை அப்படியே இருந்துச்சு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா தப்பில்லையா?"

மெக்கானிக்கை வீட்டிலிருந்து அழைத்துப் போக இரண்டு ஜீப் வந்தது. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஜன்னலை உடைக்கச் சொன்னபோது 'அண்ணே' என்று கூப்பிட்டவர் இப்போது வேறு மாதிரி கூப்பிட்டார்.

"யோவ், இதுல ஜன்னலை உடைக்கிறது யாரு?"

"நான்தான் சார். நீங்கதானே உடைக்கச் சொன்னீங்க."

"கொலை செய்யப் போறவன்கிட்ட ஜன்னலை உடைன்னு ஒரு இன்ஸ்பெக்டர் சொல்வானா? கோர்ட்ல போய் இதைச் சொல்லிப் பாரு, சிரிப்பாங்க."

"சார், கேமராவுக்குப் பின்னாடி நீங்க நின்னீங்களே."

"படத்துல நான் இருக்கேனா?"

இல்லை. படத்தில் மெக்கானிக் மட்டும்தான் இருந்தார். உடைந்த கண்ணாடியில் அவர் ரத்தம் இருந்தது. ரிஞ்சில் அவர் ரேகை இருந்தது. வீட்டுக்குள் வேறு யாருடைய ரேகையும் இத்தனை சுத்தமாக இல்லை, ஏனென்றால் மற்றவற்றை நூற்றிருபது பேர் துடைத்துவிட்டிருந்தார்கள்.

அன்று மாலை பெரிய அதிகாரி பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். "எங்களிடம் நேரில் பார்த்த சாட்சி இல்லை. கொலைக்கான காரணம் தெரியவில்லை. தடயங்கள் அழிந்துவிட்டன. இந்த மூன்றும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள். மூன்றும் இல்லாமல் பிடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். மற்ற நாடுகளில் குற்றவாளியைப் பிடித்த பிறகு படம் எடுக்கிறார்கள். நாங்கள் முதலில் படம் எடுத்துவிட்டோம்" என்றார். கை தட்டினார்கள். யாரோ ஒரு நிருபர், செத்தவர்களின் பெயரை இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார். அதிகாரி உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் காகிதத்தைப் புரட்டினார். கூட்டம் முடிந்தது.

லாக்கப்பில் மெக்கானிக் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எதிரே எழுத்தரின் நாற்காலி. அதற்குப் பின்னால் ஆணியில் ஒரு டார்ச் தொங்கியது. கழுத்தில் சிவப்பு டேப், மூன்று சுற்று.

"சார், அது வாத்தியாரம்மா டார்ச்."

எழுத்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டேஷன் டார்ச்."

"டேப் நான் சுத்தினது சார்."

"கொலை நடந்த எடத்துல என்னென்ன இருந்துச்சுன்னு பட்டியல் போட்டது நான். அதுல டார்ச் கிடையாது. தடயம் தேட வெளிச்சம் வேணும்ல? பேட்டரிகூட என் கைக்காசு." சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் விழுந்த பேனா மூடியை டார்ச் அடித்துத் தேடினார்.

மூன்றாம் நாள் காலை ஒரு லாரிக்காரர் ஸ்டேஷனுக்கு வந்தார். வாட்டசாட்டமான ஆள், சவரம் செய்யாத முகம், கையில் துணி சுற்றிய ஜாக்கிக் கம்பி. அதை மேஜையில் வைத்துவிட்டு, "அந்த ரெண்டு பேரையும் கொன்னது நான்தான் சார்" என்றார்.

மெக்கானிக் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க" என்றார் எழுத்தர் சலிப்போடு. பெரிய வழக்கென்றால் விளம்பரத்துக்காக இப்படி நாலு பேர் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். "எந்த வழியா உள்ள போனீங்க?"

"சமையக்கட்டு வழியா. கதவு திறந்துதான் இருந்துச்சு."

"தப்பு" என்றார் எழுத்தர். "ஜன்னல்."

"ஜன்னல் பக்கமே நான் போகலை சார். தோட்டத்துக்குள்ள லாரி போக வாத்தியார் வழி விடமாட்டேன்னு சங்கிலி போட்டுட்டார். நாலு மைல் சுத்து. கேக்கப் போனேன், வாய்த் தகராறு ஆயிடுச்சு. கையில ஜாக்கிக் கம்பி இருந்துச்சு…"

"தப்பு. பைப் ரிஞ்ச். எங்க, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

லாரிக்காரர் கதவுவரை போய் வந்தார். இரண்டு காலும் நன்றாக இருந்தது. எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"என்னய்யா?"

"ஒப்புதல் வாக்குமூலம் குடுக்க வந்திருக்கார் சார். ஒண்ணுகூடப் பொருந்தலை."

"செருப்பு?"

"ஒன்பதுதான் சார்" என்றார் லாரிக்காரர்.

"உலகத்துல ஒன்பதாம் நம்பர் போடறவன் எல்லாம் கொலைகாரனா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். லாக்கப்புக்குள் மெக்கானிக் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

லாரிக்காரர் அழுதார். "என்னால தூங்க முடியலை சார். வாத்தியாரை அடிச்சதும் நான் ஓடியிருப்பேன். அந்தம்மா டார்ச்சோட சமையக்கட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியாது. படி உடைஞ்சிருக்கு, பாத்துப் போங்கன்னாங்க சார். என் மூஞ்சியைப் பாத்துட்டாங்களேன்னு…"

மெக்கானிக் நிமிர்ந்து லாரிக்காரரின் முகத்தைப் பார்த்தார். இந்த ஆள்தான். படியைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

"டார்ச்சே கிடையாதே" என்றார் எழுத்தர், கொஞ்சம் வேகமாக. "பட்டியல்ல இல்ல. இவர் சொல்றது எல்லாமே கட்டுக்கதை சார்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். ஆளைத் துரத்த மனம் வரவில்லை. வீட்டின் அமைப்பை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற ஒருவர் இதுவரை கிடைக்கவில்லை. வழக்குக்கு இன்னும் தேவைப்பட்டது நேரில் பார்த்த ஒரு சாட்சி.

"இங்க பாருங்க" என்றார் கனிவாக. "உங்க மனசுல ஏதோ பாரம் இருக்கு. போலீசுக்கு உதவி செஞ்சா அது இறங்கிடும். நீங்க அந்தப் பக்கம் லாரியில போறப்ப, இவன் ஜன்னல் ஏறினதைப் பாத்தீங்க. சரியா?"

"நான் கொன்னேன்னு சொல்றேன் சார்."

"பாத்தீங்க. மத்தது எல்லாம் நாங்க எழுதிக்கறோம். அந்த இரும்பை எடுத்துட்டுப் போங்க, மேஜை கீறுது."

மறுநாள் மெக்கானிக்கின் மனைவி பார்க்க வந்தாள். அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கம்பிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அடுத்து என்னவாம்?"

"மாஜிஸ்திரேட் முன்னாடி இன்னொரு தடவை நடிச்சுக் காட்டணுமாம். அது முடிஞ்சா நேரா பெரிய ஜெயில்தான்."

"மொதல் தடவை நல்லா நடிச்சுட்டீங்க, அதானே உங்களை உள்ள வெச்சுட்டாங்க?"

"ஆமா."

"நம்ம கல்யாணத்துல போட்டோக்காரன் சிரிங்கன்னு சொன்னதுக்குப் பல்வலிக்காரன் மாதிரி நின்ன மனுஷன்தானே நீங்க? அந்த ஆளா அங்க போய் நில்லுங்க. சரியா செஞ்சு மாட்டினவர், தப்பா செஞ்சு வெளிய வாங்க. அந்த லாரிக்காரன் தூக்கம் வராம தவிக்கிறான்னீங்களே, அவனும் வருவான்ல?"

"சாட்சியாச்சே. வருவான்."

"அப்ப போதும்" என்றாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது கொலை மேகமூட்டமான ஒரு காலையில் நடந்தது. மாஜிஸ்திரேட் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரிய அதிகாரி வந்திருந்தார். நான்கு கேமராக்கள் வந்திருந்தன. சமையலறை முத்திரையை உடைக்கக் கடிதமும் ஒருவழியாக வந்திருந்தது.

மெக்கானிக் ஜன்னலுக்குப் போகாமல் கொய்யா மரத்தில் ஏறினார். இறக்கினார்கள். ஜன்னலில் தூக்கிவிட்டார்கள். உள்ளே குதித்தவர் இப்போது வலது காலை இழுத்தார்.

"இடது காலுய்யா" என்று பல்லைக் கடித்தார் இன்ஸ்பெக்டர்.

"மறந்துட்டேன் சார்" என்று இரண்டு காலையும் இழுத்தார் மெக்கானிக். நாற்காலியை அடிக்கச் சொன்னால் துடைத்து வைத்தார். மீசைக் கான்ஸ்டபிளைப் பார்த்து, "உக்காருங்கம்மா, நின்னுட்டே இருக்கீங்களே" என்றார். ஒரு கேமராக்காரர் சிரித்துவிட்டார். பெரிய அதிகாரியின் முகம் கறுத்தது.

கூடத்து மூலையில் சாட்சியாக நின்ற லாரிக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். மூன்று வாரம் கண் மூடாத மனிதர். மெக்கானிக் ஐந்தாவது முறையாகத் தவறான இடத்தில் போய் நின்றபோது அவரால் தாங்க முடியவில்லை.

"அங்க இல்லய்யா" என்றார். "வாத்தியார் இந்தப் பக்கம் திரும்பி இருந்தார். நகரு."

ரிஞ்சைத் தள்ளிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தார். மேஜை கீறும் என்று திருப்பிக் கொடுத்த அதே கம்பி. சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்தார், பேசினார், கத்தினார், ஓங்கினார். அங்கே ஒரு பொய்யான அசைவுகூட இல்லை. நான்கு கேமராக்களும் அவர் பக்கம் திரும்பின. கடைசியில் வாசலில் போய் நின்று, உடைந்த படியைப் பார்த்து, "பாத்துப் போங்கன்னாங்க. என்கிட்ட" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக்கும் நடிப்பதை நிறுத்திவிட்டார்.

மாஜிஸ்திரேட் கேட்டார்: "இதை எல்லாம் எங்க நின்னு பாத்தீங்க?"

"எங்கயும் நின்னு பாக்கலைங்க ஐயா. செஞ்சது நான்."

"சாட்சி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டார் ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக. "குற்றவாளி ஒத்துழைக்காததால, அவனுக்குப் பதிலா பெருந்தன்மையோட நடிச்சுக் காட்டினார். அப்படியே எழுதிடறோம்."

அப்படியே எழுதினார்கள். படம் மேலிடத்துக்குப் போனது. பெரிய அதிகாரி மூன்று முறை போட்டுப் பார்த்தார். நடைமுறைப்படி ஓவியரிடம் போனது. ஓவியர் சவரம் செய்யாத முகத்தை வரைந்தார். சுவரொட்டி வந்தது. ஆளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவர் பத்து நாளாக ஸ்டேஷன் வாசலிலேயேதான் உட்கார்ந்திருந்தார். கைவிலங்கு போட்டபோது, "இப்பவாவது நம்புறீங்களா சார்?" என்று கேட்டார்.

"நீ சொன்னதை யாருய்யா நம்பினா?" என்றார் இன்ஸ்பெக்டர். "சுவரொட்டியில இருக்கே."

பெரிய அதிகாரி மறுபடி பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். "எங்கள் முறையில் ஒரு முறை குற்றவாளி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஒரே வழக்கில் இரண்டு முறை கிடைத்திருக்கிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?" என்றார். இன்ஸ்பெக்டருக்குப் பதக்கம் அறிவித்தார்கள். மெக்கானிக்கின் விடுதலை உத்தரவில் "போதிய நடிப்புத் திறன் இன்மையால் விடுவிக்கப்படுகிறார்" என்று இருந்தது. மச்சினன் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றான். அக்காவிடம் ஒரு அறை வாங்கினான்.

ஒரு வாரம் கழித்து, நண்பகலில், மெக்கானிக் தன் ரிஞ்சை வாங்க ஸ்டேஷனுக்குப் போனார். எழுத்தர் மறுபடியும் "வாங்க அண்ணே" என்றார். ஆணியிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆதாரப் பொருட்கள் வைக்கும் அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத அறை. விளக்கு பியூஸ் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே கண்ணைக் குத்தினாலும் தெரியாது.

எழுத்தர் அலமாரியைத் துழாவி ரிஞ்சை எடுத்தார், ஒரு படிவத்தையும் எடுத்தார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

மெக்கானிக் டார்ச் வெளிச்சத்தில் படித்தார். "கொலைக்குப் பயன்படுத்திய ஆயுதத்தின் உரிமையாளர் ஆகிய நான்…"

"சார், கொலைக்குப் பயன்படுத்தினது ஜாக்கிக் கம்பி."

"அதுக்கு வேற படிவம் அண்ணே. இது ரிஞ்சுக்கு. சும்மா ஒரு சடங்கு, அரைமணி நேரம்கூட ஆகாது. இருங்க, முத்திரை எங்கயோ அடியில கெடக்குது." அவர் தரையில் மண்டி போட்டார். "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று டார்ச்சை நீட்டினார்.

மெக்கானிக் வாங்கினார். சிவப்பு டேப் விரலில் பட்டது. ஒரு நுனி பிரிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். கையெழுத்துப் போடாமல் படிவத்தை ரிஞ்சின் மேலேயே விட்டுவிட்டார். பிறகு திரும்பி, தன் காலடியில் வெளிச்சம் அடித்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே நடந்தார். இரண்டு காலும் நேராக இருந்தது.

"அண்ணே, வெளிச்சம்" என்றது இருட்டு. அலமாரி ஒன்று சரிகிற சத்தம் கேட்டது. "யோவ், டார்ச்சு."

வாசலில் நின்றிருந்த மீசைக் கான்ஸ்டபிள் மெக்கானிக்கின் கையைப் பார்த்தார். "என்ன அது?"

"பட்டியல்ல பாருங்க சார்" என்றார் மெக்கானிக்.

அவர்கள் அன்று முழுக்கப் பட்டியலைப் பார்த்தார்கள். அதில் டார்ச் இல்லை. இல்லாத ஒன்றைத் திருடியதாக எழுதுவதற்கு எந்தப் படிவமும் அந்த ஸ்டேஷனில் இல்லை.